ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர்

மார்ச் 4

காலைல சுத்தியலோட மேட்ச். எனக்கு ரொம்பப் பிடிச்ச பாக்ஸர், அது அவ பட்டப்பேரு. ஆஸ்பத்திரி வராண்டாவுல உக்காந்து போன்ல பாத்தேன். மூணாவது ரவுண்டுல, நெஞ்செலும்பு முடியற குழியில ஒரே குத்து. எதிர்ல நின்னவ அப்படியே மடங்கி உக்காந்துட்டா. சோலார் பிளெக்சஸ்! எங்க இருக்கேன்னே மறந்து கத்திட்டேன். நர்ஸ் அக்கா பாத்த பார்வை இருக்கே.

பத்து நிமிஷத்துல டாக்டர் வந்து அம்மாகிட்ட அதே வார்த்தைய சொல்றாரு. அண்ணனுக்கு பிளெக்சஸ்ல அடியாம். எனக்குத் தெரியும் சார், வயித்துலதானேன்னு முந்திரிக்கொட்டை மாதிரி சொன்னேன். அவர் என் கழுத்தெலும்புக்கு மேல விரல வச்சு, இங்கயும் ஒண்ணு இருக்கும்மான்னாரு.

சனிக்கிழமை பைக் வழுக்கி அண்ணன் தோள்பட்டை அடிபட விழுந்தான். எலும்பு முறியல. ஆனா இடது கை, யாரோ கட்டில்ல மறந்து வச்சுட்டுப் போன பொருள் மாதிரி கிடக்கு.

மார்ச் 6

ரெண்டு நாளா இந்த வார்த்தை பின்னாடியே சுத்தறேன். பழைய மொழியில பிளெக்சஸ்னா பின்னினதுன்னு அர்த்தமாம். தமிழ்ல நரம்புப் பின்னல். கழுத்துல இருந்து அஞ்சு நரம்பு கிளம்பி, சேந்து, பிரிஞ்சு, திரும்ப சேந்து, கைக்குள்ள இறங்குது. வயித்துல ஒண்ணு, இடுப்புல ஒண்ணு. ரத்தக்குழாய்ப் பின்னலுக்கும் இதே பேருதான். தியானக்காரங்க வயித்துல இருக்கறத சக்கரம்ங்கறாங்க. குத்துச்சண்டைக்காரங்க மார்க்ங்கறாங்க, குத்த வேண்டிய இடம். ஒரு அகராதியில, சிக்கலான பேச்சுக்கும் சொல்லலாம்னு போட்டிருக்கு. ஒரே வார்த்தைக்கு எத்தனை வீடு.

அண்ணன்கிட்ட படம் போட்டுக் காட்டினேன். இயர்போன் வயர் மாதிரி இருக்கேடி ரெஃப்ரின்னான். சண்டை பாக்கறதால எனக்கு அந்தப் பேரு.

மார்ச் 19

வீட்டுக்கு வந்துட்டோம். சட்டை போட நாலு நிமிஷம். செத்த கைய முதல்ல நுழைக்கணும்னு இன்னிக்குத்தான் கத்துக்கிட்டோம்.

மார்ச் 27

கண்டுபிடிச்சுட்டேன். அடிபட்ட நரம்பு திரும்ப வளரும். ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர். நெட்ல ஒரு ஃபோரம்ல நாப்பது பேர் சொல்லியிருக்காங்க. டேப் வச்சு அளந்தேன். கழுத்துல இருந்து நடுவிரல் நுனி வரைக்கும் 780. முழங்கைக்கு 410. அண்ணன் கையில அழியாத மார்க்கர்ல கோடு போட்டேன், ஒரு மாச வளர்ச்சிக்கு ஒண்ணு. வேலை பாக்கற கண்ணாடிக் கடையில அவனும் இப்படித்தான் கண்ணாடி மேல கோடு போட்டு அறுப்பான். தன் கைய பாத்துட்டு, நேரா போடுடி, அப்புறம் கோணலா வளந்துடப் போகுதுன்னான். விழுந்ததுக்கு அப்புறம் இன்னிக்குத்தான் சிரிச்சான்.

ஏப்ரல் 20

கை எரியுதாம். கொதிக்கற எண்ணெயில வச்ச மாதிரி. அசையாத கை எப்படி வலிக்கும்? ஃபோரம்ல கேட்டேன். நல்லதுதான், நரம்பு முளைக்குதுன்னு ஒருத்தர் போட்டாரு. அம்மா கண்ணத் துடைச்சுட்டு சிரிச்சாங்க. எரியட்டும்டா, பொறுத்துக்கோன்னாங்க.

ஏப்ரல் 29

அண்ணனோட இடது கண்ணு பாதி மூடின மாதிரியே இருக்கு. தூங்குமூஞ்சின்னு ஸ்டிக்கர் பண்ணி ஃபேமிலி குரூப்ல விட்டேன். அவனே அதை டிபியா வச்சுக்கிட்டான்.

மே 22

நரம்பு டெஸ்ட் ரிசல்ட் வந்துடுச்சு. டாக்டர் ஜூன்ல ஆபரேஷன்ங்கறாரு. கால்ல இருந்து ஒரு நரம்பு எடுக்கணும், விலா பக்கத்துல இருந்து இன்னொண்ணத் திருப்பிவிடணும். மூச்சு விட உதவற நரம்பாம். அம்மா அந்த இடத்துலயே உக்காந்துட்டாங்க. பலன் நிச்சயமில்லன்னும் அவரே சொன்னாரு. ஆறு மாசம் தாண்டினா பிரயோஜனம் குறைஞ்சுடும்னும் சொன்னாரு.

வெளிய வந்ததும் நான் சொன்னேன்: தானா வளர்றப்ப எதுக்கு அறுக்கணும்? எண்பது மில்லிமீட்டர் வந்தாச்சு.

அம்மா என்னைப் பாத்தாங்க. அண்ணனும். எங்க வீட்டுல நான்தான் படிச்சவ மாதிரி. ஒரு பரீட்சையும் பாஸ் பண்ணல, ஆனா எதுன்னாலும் என்னைத்தான் நெட்ல தேடச் சொல்லுவாங்க.

அண்ணன், "சரி, இவ சொல்றபடி பாப்போம்"ன்னான்.

ஜூன் 3

வீடியோ போட்டேன். சுத்தியல் குத்தற சீன்ல ஆரம்பிச்சு, பின்னல் படம், அப்புறம் அண்ணனோட கையில கோடு கோடா. கீழ, 'எரியுதா? அப்ப முளைக்குது'ன்னு எழுதினேன். தலைப்பு: 'நரம்பு நடந்து வருது.' மத்தியானத்துக்குள்ள பதினோராயிரம் பேர். அண்ணன் கைக்கே ரசிகர் மன்றம் வந்துடுச்சு.

ஜூன் 11

ஆபரேஷன் தேதி இன்னிக்கு. போகல.

ஜூலை 14

ஒண்ணும் அசையல. தோள்ல ஏதாவது துடிக்குதான்னு கைய வச்சுப் பாத்தேன். என் நாடிதான் துடிச்சுது.

ஆகஸ்ட் 8

கடை முதலாளி வந்தாரு. அண்ணனோட நாற்காலியில வேற ஆள உக்கார வச்சுட்டாரு, அத நேர்ல சொல்லணும்னு வந்திருக்காரு. நல்ல மனுஷன். ரெண்டு ஆள் தூக்கற கண்ணாடிய ஒத்தக் கையில எப்படிப்பான்னு அவரே கேட்டுட்டு அவரே அழுதுட்டாரு. அண்ணன்தான் அவருக்குத் தண்ணி கொண்டுவந்து கொடுத்தான்.

ஆகஸ்ட் 9

தசை வத்திடுச்சு. கை இளைச்சுப் போனதுல, நான் போட்ட கோடெல்லாம் நீளம் குறைஞ்சு சுருங்கின மாதிரி இருக்கு. இன்னிக்கு அளக்கல.

செப்டம்பர் 16

எழுத முடியல. எழுதறேன்.

வேற டாக்டர், லேடி டாக்டர். கைய தொடவே இல்ல. அண்ணன் முகத்த பாத்துட்டு, இந்தக் கண்ணு எப்ப இருந்து இப்படின்னு கேட்டாங்க. விழுந்ததுல இருந்தேன்னு அம்மா சொன்னாங்க. டாக்டர் பேனாவ மூடி வச்சுட்டாங்க.

அண்ணனுக்கு நரம்பு நசுங்கல, அறுந்தும் போகல. தண்டுவடத்துல இருந்து வேரோட பிடுங்கிட்டு வந்திருக்கு. கண்ணு இமைக்குப் போற நரம்பு அந்த வேர் பக்கத்துலதான் இருக்காம், அதான் கண்ணு சாஞ்சிருக்கு. எரிச்சலும் அதனாலதான். முளைக்கறது இல்ல அது. பிடுங்கின இடம் கத்தறது.

ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் உண்மைதான். வேர் இருந்தா. நான் படிச்ச அதே பக்கத்துல, கீழ, அது இருந்துச்சு. இப்ப போய்ப் பாத்தேன். வேர் பிடுங்கினா காத்திருக்கக் கூடாதுன்னு தனியா ஒரு பத்தி. நான் நல்லது இருந்த இடத்தோட நிறுத்திட்டேன்.

ஜூன்ல பண்ணியிருந்தா முழங்கையாவது மடங்கியிருக்கலாம்னாங்க. இப்ப ஏழாவது மாசம். பண்ணலாம், ஆனா தசை சாகாம காத்துட்டு இருக்கணுமேன்னாங்க. ஏன் வரலன்னு கேட்டாங்க.

அண்ணன், "எனக்குத்தான் பயமா இருந்துச்சு மேடம்"ன்னான்.

நான் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன். வாயத் திறக்கல.

செப்டம்பர் 17

வீடியோவ அழிச்சுட்டேன். மொத்தம் ரெண்டு லட்சம் பேர் பாத்திருக்காங்க.

செப்டம்பர் 30

அம்மா என்னைத் திட்டினா நல்லா இருக்கும். சாப்பிட்டியான்னு கேக்கறாங்க.

அக்டோபர் 21

சுத்தியல் ஜெயிச்சாளாம். நான் பாக்கல.

நவம்பர் 5

ஆபரேஷன் வேண்டாம்னு அண்ணன் முடிவு பண்ணிட்டான். காலயும் விலாவையும் அறுத்து, அப்புறமும் வரலன்னா? இன்னொரு தடவை எண்ணிட்டு உக்கார என்னால முடியாதுன்னான். குளிக்கறப்ப மார்க்கர் கோட்டயெல்லாம் தேச்சிருக்கான். ரெண்டு கோடு போகல.

டிசம்பர் 2

ஒரு அக்காகிட்ட இருந்து மெசேஜ். யாரோ என் வீடியோவ டவுன்லோட் பண்ணித் திரும்பப் போட்டிருக்காங்க. அவங்க வீட்டுக்காரருக்கும் பைக்ல இதே அடி. இதே எரிச்சல். 'உங்க வீடியோ பாத்து ஆபரேஷன தள்ளிப் போட்டுட்டோம் தங்கச்சி. ரொம்ப நன்றி. நாங்களும் கோடு போட ஆரம்பிச்சுட்டோம்.'

கூடவே போட்டோ. ஒரு கை. பச்சை மார்க்கர்.

அடிபட்டு எத்தனை மாசம் ஆச்சுன்னு கேட்டேன். நாலுன்னு பதில் வந்துச்சு. போன் பண்ணேன். அது தப்பு, நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க, கண்ணு சாஞ்சிருக்கான்னு பாருங்கன்னு ஒரே மூச்சுல கொட்டிட்டேன். எனக்கே புரியற மாதிரி இல்ல. அவங்க, இல்லம்மா, எரியுதே, முளைக்குதேங்கறாங்க. நான் எழுதின வார்த்தையையே எனக்குத் திருப்பிச் சொல்றாங்க. அதெல்லாம் பொய்க்கான்னேன். கோவம் வந்துடுச்சு அவங்களுக்கு. வீடியோல இருந்த கை பொய்யா, அந்தத் தம்பி எங்க, அவருகிட்ட கொடுன்னாங்க.

அண்ணன் பின்னாடியே நின்னுட்டு இருந்திருக்கான். எவ்வளவு நேரமா கேட்டுட்டு இருந்தானோ தெரியல. வலது கைய நீட்டினான். போன கொடுத்தேன்.

"ஆமாக்கா, அது என் கைதான்"ன்னான். கைக்கு உசிரு வந்துச்சான்னு அவங்க கேக்கறது எனக்கே கேட்டுச்சு. அப்புறம், "இல்லக்கா. வரல"ன்னான்.

என் முன்னாடி அத சொன்னது இதான் முதல் தடவை.