பெசஹா மேஜையில் ஐந்தாவது கேள்வி

மட்டாஞ்சேரி,
16-4-1976

சௌபாக்கியவதி கங்காவுக்கு அம்மா எழுதுவது. குருவாயூரப்பன் கிருபையால் நாங்கள் இருவரும் சுகம். நீ சங்கிலிப்பாண்டியைக் கல்யாணம் செய்துகொண்டு பம்பாய் போனபின், அப்பாவுக்குத் தெரிந்து நான் எழுதும் முதல் கடிதம் இது!

நடந்தது புதன்கிழமை சாயங்காலம். இருந்தவர்கள்: ஜூ டவுன் ஹைம் சேட்டன், நஹமா சேச்சி, சேச்சியின் அக்கா, அப்பா, நான். ஐந்தே பேர். யூதர்களான அவர்களுடைய பெசஹா பண்டிகை விருந்து. பிள்ளைகள் இஸ்ரேல் போய்விட்டதால் மேஜை வெறிச்சென்று இருக்குமாம், எங்களை விடவில்லை.

கூட்டத்தில் இளையவர் கேள்வி கேட்க வேண்டுமாம், பெரியவர்கள் பதில் சொல்லியே தீரவேண்டுமாம். நாற்பத்தாறு வயசில் நான்தான் அங்கே குழந்தை! சேட்டன் சொல்லித்தர நாலு கேள்வி கேட்டேன். பதிலெல்லாம் தட்டிலேயே இருந்ததடீ! அடிமையாயிருந்த முன்னோர் மாவு புளிக்கும்வரை காத்திராமல் எகிப்தை விட்டு ஓடியதற்குப் புளிக்காத அப்பம். பட்ட துன்பத்துக்குக் கசப்புக் கீரை. அங்கே கட்டட வேலையில் சுமந்த சாந்துக்குப் பேரீச்சம்பழப் பாகு. கண்ணீருக்கு உப்புத் தண்ணீர். ஆட்டெலும்பு ஒன்றும் இருந்தது. அப்பா அந்தப் பக்கமே திரும்பவில்லை.

அதோடு நிறுத்தியிருக்கலாம். எங்கிருந்து தைரியம் வந்ததோ, அப்பாவைப் பார்த்து, நம்மாத்து வருஷப் பிறப்புக்கு இரண்டு வருஷமாகக் கங்கா ஏன் இல்லை என்று கேட்டுவிட்டேன்.

எழுந்து போய்விடுவார் என்றே நினைத்தேன். சேட்டன்தான், வைத்தீ, கேள்வி வந்தாச்சு, பதில் சொல்லாமல் இங்கே ஊணு கிடையாது என்றார். அப்பா ஒரு வாய் தண்ணீர் குடித்தார். என் பிடிவாதம்தான் என்றார். பிறகு, அந்தப் பையன் பேர் என்ன என்று தெரியாதவர் போலக் கேட்டார். சொன்னேன். நீளமான பேர் என்றார். வைத்தீஸ்வரன் மட்டும் குட்டிப் பேரோ என்று சேச்சி கேட்க, அவரே சிரித்துவிட்டார்! கீரையைப் பாகில் தொட்டுத் தந்தபோது, வேப்பம்பூப் பச்சடி மாதிரியே இருக்கு என்று இன்னொரு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

நேற்று அவரே போய் இரண்டு இன்லண்டு லெட்டர் வாங்கிவந்தார். ஒன்று இது. மற்றதில், 'அன்புள்ள மாப்பிள்ளைக்கு' என்று எழுதினார். அதற்குமேல் ஓடவில்லை, பேனாவை மூடிவிட்டார். மேஜைமேல் அப்படியே இருக்கிறது.

அதனால் அவருக்கும் சேர்த்து நானே கூப்பிடுகிறேன். மே மாதம் இரண்டு பேருமாக வாருங்கள். மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசீர்வாதம்.

எந்த ரயில், என்றைக்கு என்று உடனே பதில் போடு.

உன் அம்மா,
காமாக்ஷி