பட்டினி கிடந்த பாட்டில்

மார்ச் 4, செவ்வாய்

பெரிய தொட்டியை இன்று கழிவுக்குழியில் திறந்துவிட்டோம். எங்கிருந்தோ வேறு கிருமி புகுந்து, இறகைக் கரைக்கும் எங்கள் கிருமியை அழித்துவிட்டது. கோழி இறகு மூட்டை மூட்டையாக அப்படியே மிதந்தது. ஒரே அழுகல் நாற்றம். முதலாளி மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார். திட்டவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது. மாதக் கடைசிக்குள் தொட்டி ஓடாவிட்டால் பழையபடி இறகை எரித்துவிடலாம் என்கிறார். எரிப்பதற்கு நான் எதற்கு?

மிச்சம் இருப்பது ஒரே ஒரு பாட்டில் தாய்க்கிருமி. அதிலிருந்துதான் மறுபடி தொட்டி தொட்டியாகப் பெருக்க வேண்டும். ஆய்வறையில் கிருமி வளர்க்கும் சூடுபெட்டி கெட்டுக் கிடக்கிறது. பாட்டிலைத் துண்டில் சுற்றிப் பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. கிருமி எதையும் வெளியே கொண்டுபோகக் கூடாது என்று சுவரில் எழுதி ஒட்டியதே நான்தான்.

மார்ச் 6, வியாழன்

பாட்டில் ஃபிரிட்ஜின் தலையில், பின்பக்கமாக. அங்கேதான் இளஞ்சூடு. புதிதாக ஓர் இறகு போட்டேன்.

மகள் ஸ்டூல் போட்டு ஏறி, இது என்ன என்றாள். கண்ணுக்குத் தெரியாத கிருமிகள், இறகைத் தின்று செடிக்கு உரமாக்கித் தரும் என்றேன். இறகு, முடி, நகம் எல்லாம் அதற்கு ஒரே சாப்பாடுதான் என்றும் சொல்லிவைத்தேன். ஏழு வயதுக்கு இது போதும். தொடக் கூடாது என்றதற்குத் தலையாட்டினாள்.

என் வீட்டுக்காரர் நாற்றம் தாங்காமல், எலி செத்துவிட்டதென்று அலமாரியையெல்லாம் நகர்த்திப் பார்த்திருக்கிறார். விஷயத்தைச் சொன்னதும், எலியாகவே இருந்திருக்கலாம் என்றார்.

மார்ச் 9, ஞாயிறு

இறகின் ஓரம்கூடக் கரையவில்லை. நல்ல நாளில் இந்நேரம் பாதி காணாமல் போயிருக்கும்.

அவர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். மகள் மேஜையில் படம் வரைந்துகொண்டிருந்தாள். நான்தான் புலம்பித் தீர்த்தேன். "பட்டினியா கிடக்குது, சாப்பிடவே மாட்டேங்குது. இது செத்துச்சுன்னா என் வேலையும் போச்சு. அப்புறம் நம்ம கதை அவ்வளவுதான்." சரியாகிவிடும் என்றார் அவர். எப்படி என்று கேட்டேன். வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டார்.

மார்ச் 13, வியாழன்

மகளுக்குத் தலை வாரினேன். காதுக்குப் பின்னால், ஒரு காசு அகலத்துக்கு — முடி இல்லை.

மார்ச் 14, வெள்ளி

இருக்காது. உயிருள்ள தலையில் அது ஏறாது. உதிர்ந்ததைத்தான் தின்னும், அதுவும் நாள் கணக்கில் ஊறினால்தான். பார்வையிட வருகிறவர்களுக்கெல்லாம் இதை விளக்குவது நான்தானே?

ஆனாலும் அவள் தலையணை உறை, சீப்பு, என் வேலைச் சட்டை எல்லாவற்றையும் கொதிநீரில் போட்டேன். விளக்கடியில் என் நகங்களைப் பார்த்தேன். சுண்டுவிரல் நகம் மெலிந்திருக்கிறதா? முன்பு எப்படி இருந்தது? சுண்டுவிரல் நகத்தை யார் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்?

மார்ச் 16, ஞாயிறு

இன்னொரு இடம். பிடரியில்.

செவ்வாய்க்கிழமை டாக்டர். அவரிடம் பாட்டிலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சொன்னால் வேலைக்கு ஆபத்து. சொல்லாவிட்டால்? அவள் தலையைத் தொடவே எனக்குக் கை வரவில்லை. பயந்து பயந்து, எட்ட நின்றே வாரிவிடுகிறேன். பெத்தவ பண்ற காரியமா இது?

மார்ச் 17, திங்கள்

கொன்னுட்டேன். மூடி உருகிடும்னு கழற்றி ஜன்னல்ல வெச்சுட்டு, பாட்டில் வாயைத் துணியால கட்டி, அப்படியே குக்கர்ல வேக வெச்சுட்டேன். விசில் மேல விசில். இத்தனை வருஷம் வளர்த்த கை. இப்ப நிம்மதியா? இல்லையே.

மார்ச் 18, செவ்வாய்

டாக்டரிடம் ஒன்று விடாமல் ஒப்பித்தேன். அவர் விளக்கைப் பக்கத்தில் இழுத்தார். பூதக்கண்ணாடியை வைத்து நெடுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது உதிர்ந்த முடி இல்லைங்க. வெட்டின முடி. தொட்டுப் பாருங்க, குத்தும்."

தொட்டேன். குத்தியது.

யார் வெட்டினார்கள்? பள்ளியில் யாராவது வம்பு செய்கிறார்களா? வழியெல்லாம் கேட்டேன். மகள் வாயைத் திறக்கவில்லை. ஒரு பயம் போய் இன்னொன்று வந்து உட்கார்ந்துகொண்டது.

வீட்டுக்கு வந்ததும் பாட்டிலைக் கழுவக் கவிழ்த்தேன். வெந்த இறகோடு முடி விழுந்தது. பொடிப்பொடியாக வெட்டிய முடி. அவள் சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"பட்டினின்னு சொன்னியே. அதுக்கு இறகு பிடிக்கலையோன்னு நினைச்சேன்."

பாட்டிலைக் கீழே வைத்தேன்.

"சாப்பிட்டுச்சாம்மா? உன் வேலை போகாதுல்ல?"

சாப்பிட்டது என்றேன். பாத்திரம் தேய்க்கிற சாக்கில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

மார்ச் 19, புதன்

மூடி! ஜன்னலில் வைத்தது அப்படியே இருக்கிறது. உள்விளிம்பில் இரண்டு மூன்று முடிகள் காய்ந்து ஒட்டியிருக்கின்றன. அவள் அவசரத்தில் போட்டபோது, பாட்டில் தண்ணீரோடு சேர்ந்து ஒட்டியிருக்கும். இந்தக் கிருமி பட்டினி கிடந்தால் ஓடு கட்டிக்கொண்டு தூங்கிவிடும். காய்ந்தாலும் சாகாது.

மூடியைச் சுத்தமான உறையில் போட்டு எடுத்துப்போய் முதலாளி மேஜையில் வைத்தேன். குக்கர் வரைக்கும் சொன்னேன். வீட்டுக்குக் கொண்டுபோனது பெரிய தப்பு, இனி ஒருமுறை நடந்தால் வேலையில்லை என்றார். மத்தியானம் சூடுபெட்டியைப் பழுதுபார்க்க ஆள் வந்தான்.

மார்ச் 27, வியாழன்

மூடியைப் போட்டு வைத்த குடுவையில் தண்ணீர் கலங்கிவிட்டது, கிருமி பெருகுகிறது. இறகில் நடுத்தண்டு மட்டும்தான் மிச்சம். நாளை சின்னத் தொட்டியில் ஊற்றுகிறோம். பெரிய தொட்டிக்கு இன்னும் காலம் பிடிக்கும். முதலாளி கெடுவை மாற்றவில்லை.

மகளின் முடி வளர்கிறது. தினமும் தடவிப் பார்க்கிறேன். கூச்சமாக இருக்கிறதென்று நெளிகிறாள்.

ராத்திரி சாப்பிடும்போது வீட்டுக்காரரிடம் கெடுவைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். மகள் தட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் மெல்லுவதை நிறுத்தியிருந்தாள்.

"இன்னிக்கு வேலை நல்லா நடந்துச்சு" என்றேன்.

மெல்ல ஆரம்பித்தாள்.