பேய் மாசத்துல ஐஞ்சு மணி

25 ஆகஸ்ட், திங்கள்

மத்தியானம் மழை. இப்ப புழுக்கம். கம்பெனி பஸ் ஆயர் ஈத்தாம் பாசார் சந்தை கிட்டயே மக்கர் பண்ணி நின்னு போச்சு. மீதி தூரம் நடை. கால் வீங்கிருக்கு.

உள்ள வந்தா ரெண்டும் சோபால. மூத்தது ஏஞ்சல் தலைகீழா கிடந்து போன். சின்னவன் ஜெரோம் டிவிக்குள்ளயே போயிடுற மாதிரி ஒட்டி நின்னு கேம். ஒருத்தரும் நிமிர்ந்து பாக்கல. திருடன் வந்திருந்தா சோபாவோட சேர்த்துத் தூக்கிட்டுப் போயிருப்பான்.

சனிக்கிழமை கண் டாக்டர் சொன்னது மண்டைக்குள்ள ஓடிகிட்டே இருக்கு. எட்டு வயசுப் பிள்ளைக்கு இவ்வளவு வேகமா பவர் ஏறக்கூடாதாம். "பகல் வெளிச்சத்துல ஓட விடுங்கம்மா. இப்படியே ஏறினா பின்னால கண்ணுக்கே ஆபத்து." புதுக் கண்ணாடி நல்ல கனம். அதைப் போட்டுகிட்டு என்னைப் பாத்துச் சிரிக்கிறான்.

நாளையிலருந்து தினமும் கீழ திடலுக்கு. அடிச்சாவது.

26, செவ்வாய்

அடிக்கல. கெஞ்சினேன். மசியல. வைபை ஒயரைப் பிடுங்கினேன். ஏழேகாலுக்குத்தான் இறங்க முடிஞ்சுது, வெளிச்சம் போற நேரம்.

"யாருமே இல்லம்மா," ஏஞ்சல். நெசந்தான். திடல்ல ஒரு ஈ காக்கா இல்ல. ஜெரோம் ஒரு தடவை சறுக்கிட்டு வந்து, "விளையாடிட்டேன். மேல போலாமா?"

நான் கல் பெஞ்சுல. கொட்டாவி, கொசு. "நீ மட்டும் உக்காந்திருக்க?"ங்கிறா மகள். நாள் பூரா பேக்டரி லைன்ல நின்ன காலுடி இது.

28, வியாழன்

நேத்து ஓ.டி., ஓவர்டைம். எழுதல.

இன்னைக்குப் பெரிய கூத்து. திடல் மரத்தடியில ஊதுவத்தி, ஆரஞ்சு, சோறு வச்சு சீனர் படையல். ஜெரோம் பந்தைத் துரத்திகிட்டுப் போய் நேரா ஆரஞ்சு மேலயே மிதிச்சான். எதிர் வீட்டுச் சீன ஆண்ட்டி ஓடி வந்தாங்க. "தா போலே லா! தா போலே!" கூடாது, கூடாதுன்னு மலாய்ல ஒரே கத்தல். இது பேய் மாசம், இருட்டுற நேரம் அதுங்க சாப்பிடுற நேரம், எந்த அம்மாவாவது இந்நேரத்துக்குப் பிள்ளையைக் கீழ விடுவாளா? ஜெரோமைக் கும்பிட்டு மன்னிப்புக் கேக்க வச்சாங்க. நானும் கூட நின்னு கும்பிட்டேன். அப்புறந்தான் ஞாபகம் வருது, நாம வேதக்காரங்க. எதுக்கும் இருக்கட்டும்னு ஒரு சிலுவையும் போட்டுகிட்டேன்.

திடல் ஏன் காலியா கிடந்துச்சுன்னு இப்ப புரியுது. இத்தனை வருஷமா இதே பிளாட்ல இருந்துகிட்டு, பிள்ளைங்கள வெளிய விட எனக்குக் கிடைச்ச மாசத்தைப் பாரு.

ஏஞ்சல் இனிமே கீழ வரவே மாட்டாளாம். ஜெரோம் மூணாவது தடவையா கால் கழுவுறான். இருந்ததும் போச்சு.

30, சனி

ஓ.டி. முடிஞ்சு வந்து கோழி சம்பல் வச்சேன். இவரு வேலை முடிஞ்சு செபராங் ஜெயாவுலருந்து பாலத்து ஜாம்ல மாட்டி வந்து சேர்ந்தாரு. விசயத்தைச் சொன்னேன். "விடு லா, பெருசானா தானா விளையாடப் போவான்." கண்ணும் தானா சரியாயிடுமான்னு கேட்டேன். கோழி நல்லா இருக்காம்.

வாங்கணும்: முட்டை, கொசு மருந்து, ஜெ.வுக்கு சாக்ஸ், பொறுமை (எந்தக் கடையில விக்குதோ).

31, ஞாயிறு

வெயில். சர்ச்சுல பூசை முடிஞ்சு வந்தப்ப லிப்ட்ல ஆண்ட்டி. கோவம் தணிஞ்சிருக்கு. தினம் ஐஞ்சு மணிக்குக் கீழ கல் மேசையில உக்காந்து தவுகே, அதான் பயறு முளை, அதுக்கு வால் கிள்ளுவாங்களாம். பிளாட் பிள்ளைங்க எல்லாம் அந்நேரந்தான் ஆட்டம், இருட்டுறதுக்குள்ள மேல போயிடும். "உன் பிள்ளைங்க மட்டும் வராது. சின்னவன் கிரில்லைப் பிடிச்சுகிட்டுப் பாத்துகிட்டே நிப்பான்."

ஸ்கூல் வேன் இறக்கி விட்டதும் உள்ள போ, கிரில்லைப் பூட்டு, நான் வர்ற வரைக்கும் யாருக்கும் திறக்காதே. என் சட்டம். நான் வர ஏழாகுது. இந்தக் காலத்துல வேற என்ன செய்ய?

ஆண்ட்டியை நம்பிக் கீழ விட்டா, அவங்க கண்ணு எங்க போகும், தவுகே மேலதானே போகும்? கார் பார்க் வேற பக்கத்துல. யோசிச்சு யோசிச்சு இடியாப்பம் ஆறிப் போச்சு.

2 செப்டம்பர், செவ்வாய்

ஏஞ்சல்கிட்ட காலையில சொன்னேன்: ஐஞ்சு மணிக்குத் திற, ஆண்ட்டி கண்ணு எட்டுற இடத்துல நில்லுங்க, ஆறரைக்கெல்லாம் வீட்டுக்கு வந்துடுங்க. வேலை நேரத்துல போன் லாக்கர்ல, கூப்பிட்டுக் கேக்கவும் முடியாது. ஐஞ்சு மணிக்கு என் கண்ணு கடிகாரத்து மேலயே. கெட்ட பீஸை ஓகேன்னு விட்டுட்டேன், சூப்பர்வைசர் முறைச்சா.

ஓடி வந்தா ரெண்டும் சோபால.

"ஏன்டி போகல?"

"நீ எங்களை டெஸ்ட் பண்றேன்னு நினைச்சேன்மா."

சிரிக்கவா அழவா. குளிக்கப் போயிட்டேன். அங்க அழுதேன்.

3, புதன்

கிரில் திறந்து கிடக்கு. வீட்டுல யாரும் இல்ல. எனக்கு உயிரே போயிடுச்சு. கீழ எட்டிப் பாத்தா ஏஞ்சல் ஆண்ட்டி பக்கத்துல உக்காந்து தவுகே கிள்ளுறா. ஜெரோம் பந்து பின்னால. வாயெல்லாம் பல். ஆறரை தாண்டிடுச்சேன்னு கத்த வாயைத் திறந்தேன். கத்தல.

4, வியாழன்

கண்ணாடி காலி. பந்து மூஞ்சியில. ஒரு சில்லு கீறல், காதுல மாட்டுற கால் ஒண்ணு இல்ல. "ஆனா கோல் போகலம்மா, நான்தான் தடுத்தேன்." போட்டு ரெண்டு வாரங்கூட ஆகல! திட்டினேன். நல்லா திட்டினேன். தூங்கினதும் நெத்தியில மருந்து தடவினேன்.

கடையில கேட்டாச்சு. புதுசு அடுத்த வாரந்தான்.

6, சனி

இன்னைக்கு ஓ.டி. இல்ல. மேகம், மழை இல்ல. முதுகு வலி. சோபா ஒரு வழியா எனக்கு.

ஐஞ்சு மணி. ஜெரோம் டிவியை அணைச்சிட்டான். மங்கலா தெரியுதாம், கீழ போறானாம். கண்ணாடி இல்லாம பந்து எப்படிடா தெரியும்னேன்.

"பக்கத்துல வந்தா தெரியும்மா."

செருப்பை மாட்டினான், ஓடிட்டான். அக்காக்காரி பின்னாலயே. கிரில்லைப் பூட்டல. எழுந்து போய்ப் பூட்டணும். முடியல. திறந்தே கிடக்கட்டும்.