முட்டை பிடித்த இறால்

அப்பா,

இன்று காலை திண்டிவனம் மீன் மார்க்கெட்டுக்கு ஆற்று இறால் வந்திருந்தது. மீன்காரம்மா ஒன்றைத் திருப்பிக் காட்டினாள். வயிற்றுக்கு அடியில் ஆரஞ்சு நிறத்தில் முட்டை. "முட்ட எறாக்கா, ருசியா இருக்கும், எடுத்துக்கோ" என்றாள். வேண்டாம் என்று வந்துவிட்டேன். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கோபம் அடங்கவில்லை. அவள் மேல் இல்லை, செத்து மண்ணுக்குள் போய்விட்ட உன் மேல்.

ஒலக்கூரில் மல்லாட்டைப் பயிர் போட்ட நிலத்தை வெட்டிக் குட்டையாக்கி நீ இறால் வளர்த்தபோது, குஞ்சு பிரிக்கிற வேலை நம் இருவருக்கும்தான். கடைசிக் காலின் அடியைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்ல வேண்டும். அம்மாவுக்கு அது பிடிபடவே இல்லை. பெண் குஞ்சுகளை ஆணோடு சேர விடாமல், குட்டை நடுவே வலை கட்டித் தனியாக வைத்தாய். ஏன் என்று கேட்டேன்.

"சின்னதுலயே முட்ட புடிச்சிட்டா அவ்ளோதாம்மா. துன்றதெல்லாம் முட்டைக்கே பூடும், ஒடம்பு ஏறாது. கொஞ்ச நாள் வளந்துக்கினு கெடக்கட்டும்."

வலை கிழிந்து இரண்டும் கலந்துபோன அன்று, காவலுக்கு இருந்தவனை நீ திட்டிய திட்டு ரோடு வரைக்கும் கேட்டது. "பொட்டைங்கள பாழாக்கிட்டியேடா!"

அந்த வருடம்தான் நான் வயசுக்கு வந்தேன். ஒன்பதாம் வகுப்பு. மஞ்சள் தண்ணீர் ஊற்றி, மாமா வாங்கி வந்த புடவையைச் சுற்றி உட்கார வைத்தீர்கள். சடங்கெல்லாம் முடிந்து, யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு கிளம்பினேன். நீ பையைப் பிடுங்கி ஆணியில் மாட்டினாய். கோயில் ஃபாதர் வீடு தேடி வந்து, ஏன் பள்ளிக்கு அனுப்பவில்லை என்று உன்னிடம் கேட்டார்.

"வயசுக்கு வந்த பொண்ணு ஃபாதர். திண்டிவனத்துக்கு பஸ்ல போய் வந்துக்கினு இருந்தா நாளைக்கு எவன் கட்டுவான்?"

ஃபாதர் காபியைக் குடித்துவிட்டுப் போனார். நான் குட்டைக்குத் தீனி போடப் போனேன்.

இறாலுக்குப் பார்த்த நியாயத்தைப் பெற்ற பெண்ணுக்குப் பார்க்கக் கூடாதா? கணக்கில் நான் புலி என்று டீக்கடையில் பெருமை பேசினாயே, அந்த வாய் எங்கே போயிற்று? பதினெட்டு முடிந்ததும் கல்யாணம். அடுத்த வருடமே இடுப்பில் குழந்தை. எனக்கு ஒரு வலை கட்ட உனக்கு மனசு வரவில்லை.

கடைசியாக விழுப்புரம் ஆஸ்பத்திரியில், உன் மருந்துச் சீட்டில் இங்கிலீஷில் என்ன எழுதியிருக்கிறது என்று நர்ஸிடம் கெஞ்சிக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் சிடுசிடுத்தாள். நீ கட்டிலில் படுத்தபடி பார்த்தாய்.

"ஒன்னப் படிக்க வெச்சிருக்கணும். அப்பவே தெரியும் எனக்கு. ஊரு வாய்க்குப் பயந்துட்டேன்" என்று அழுதாய். நான் அழவில்லை. எழுந்து வெளியே போய் வராந்தாவில் நின்றேன்.

போன மாதம் என் மகள் வயசுக்கு வந்தாள். "இனிமே எதுக்கு ஸ்கூலு?" என்றாள் மாமியார். நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டார் எட்டிப் பார்த்தார்கள். உன் குரல் அப்படியே எனக்கு வந்திருக்கிறது. அதை இதற்குத்தான் வைத்திருக்கிறேன். அவள் தினமும் பஸ் ஏறிப் போகிறாள்.

ஆனாலும் உன் கல்லறைக்கு மெழுகுவர்த்தி கொளுத்த வர எனக்குக் கால் எழவில்லை. தெரியாமல் செய்திருந்தால் எப்போதோ மன்னித்திருப்பேன், அப்பா. நீ தெரிந்தே செய்தாய்.