தாய்மாமன் சீரும் மூன்றாவது கூட்டமும்

20 ஆகஸ்ட் 2024, செவ்வாய்

மல்லாட்டைக் கடலையைக் காயப்போட்டு நிமிரும்போது, ஊராட்சி ஆபீசுக்குப் புதிதாக வந்திருக்கும் கிளார்க்கு ஆரோக்கியசெல்வி வாசலில் நின்றாள். விட்டுப்போன ரெண்டு மாசத்துக்கும் சேர்த்துக் கையெழுத்து வாங்கத்தான் வந்திருக்கிறாள் என்று கையைத் துடைத்துக்கொண்டேன். பழைய கிளார்க்கு இருந்தவரை அதுதானே வழக்கம்? கூட்டத்துக்கு என் வீட்டுக்காரர் போவார். என் நாற்காலியில் உட்கார்ந்து போண்டா சாப்பிடுவார். சாயங்காலம் நோட்டு வீட்டுக்கு வரும், அடுப்படியில் நின்றபடி நான் கையெழுத்துப் போடுவேன். ஆறாவது வார்டு மெம்பர் வெண்ணிலா ஆஜர்!

இவள் கையில் நோட்டே இல்லை.

"அக்கா, ரெண்டு கூட்டமா நீங்க ஆப்சென்ட்டு. மூணு மாசம் தொடர்ந்து வரலைன்னா பதவி போயிடும். முப்பதாம் தேதி நேர்ல வந்துடுங்க."

அதுதான் அவர் வந்தாரே என்றேன். அவருக்கு யாரும் ஓட்டுப் போடவில்லையே என்றாள். சிரித்துக்கொண்டே சொன்னதால் கோபப்படவும் முடியவில்லை.

அதே நாள், சாயங்காலம்

ஐயோ, முப்பதாம் தேதி! அன்றைக்குத்தானே ஓமந்தூரில் சங்கவிக்கு மஞ்சள் நீராட்டு.

21 ஆகஸ்ட்

சங்கவி என் நாத்தனார் பூமாலையின் மகள். தாய்மாமன் சீர் எங்களுடையது. மாமன் பெண்டாட்டி நான்தான் முதல் நலங்கு வைக்க வேண்டும். அதுவும் காலையில், பத்தரைக்கு ராகுகாலம் பிறப்பதற்குள். கூட்டமோ பத்து மணிக்கு.

"பதவி போனா போவுது. அவங்க குடுக்கிற படி டீ செலவுக்குக்கூடக் காணாது" என்றார் அவர். அந்தப் படியை இத்தனை நாள் வாங்கி டீ குடித்தவர் யார்?

எனக்குப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. வெயிலில் வீடு வீடாகக் கும்பிட்டு ஓட்டு கேட்டது யாரு? பதினோரு ஓட்டுல ஜெயிச்சது யாரு? கேட்டுட்டேன். நேத்துக் காலைல வரைக்கும் அந்தப் பதவி எனக்கு ஒரு கையெழுத்துதான். போகப்போகுது என்றதும் வயிறு எரியுது. வேணும். எனக்கு அது வேணும்.

ஆனால் பூமாலையிடம் யார் சொல்வது? பத்து வருஷம் பேசமாட்டாளே.

26 ஆகஸ்ட்

பூமாலைக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டேன். அவள் சொன்னாள்:

"உங்க போட்டோ போட்டு, வார்டு மெம்பர்னு பெருசா பேனர் அடிச்சு வச்சிருக்கேன் அண்ணி. பதவிய வுட்டுட்டு வந்தீங்கன்னா எம் மானம் இன்னாவறது? ராகுகாலம் கழிச்சு, பன்னெண்டுக்கு மேல வச்சிக்கலாம். வந்து சேருங்க."

போனை வைத்துவிட்டு அழுதேன். சந்தோஷத்தில்தான்.

30 ஆகஸ்ட், வெள்ளி

எங்கிருந்து ஆரம்பிப்பது!

விடிந்ததும் அவர் சீர்த்தட்டுகளோடு ஓமந்தூருக்கு வேன் ஏறினார். நான் பட்டுப்புடவையும் மல்லிகையுமாகக் கூட்டத்துக்குப் போனேன். தலைவர் சக்கரபாணி பழக்கதோஷத்தில், "அவரு வரலையா?" என்றார்.

"அவரு தட்டு தூக்கிக்கினு போயிருக்காரு" என்றேன். கூடமே சிரித்தது. பக்கத்து நாற்காலியில் ஏழாவது வார்டு ஜெசிந்தா, அவளுக்கும் இதுதான் முதல் தடவை. மேசையில் வைத்துக் கையெழுத்துப் போட்டேன். எங்கள் தெருக்கோடிக்குக் குழாய் வேண்டும் என்று எழுந்து கேட்டேன். முதலில் மெதுவாகத்தான் ஆரம்பித்தேன், அப்புறம் பேச்சு நிற்கவே இல்லை. போண்டா சுமார்தான். இதற்காகவா மாசாமாசம் ஓடினார்?

ஓமந்தூரில் இறங்கினால் மைக்கில் பூமாலையே பேசிக்கொண்டிருக்கிறாள்: "மெம்பர் அண்ணி வந்துட்டாங்க, வழி வுடுங்க." கைவலி தாங்காமல் தட்டோடு நின்றிருந்த என் வீட்டுக்காரர், "ஜல்தி வா, சங்கவி பசில கெடக்குறா" என்றார். முதல் நலங்கு நான்தான் வைத்தேன். பேனரில் என் மூக்கு கொஞ்சம் பெரிசு.

12 செப்டம்பர்

சாயங்காலம் தெருக்கோடி சீனுவாசன் வாசலில் நின்று, "மெம்பர், குழாய்க்குப் பள்ளம் தோண்ட வந்துட்டாங்க" என்று குரல் கொடுத்தார். பழக்கத்தில் என் வீட்டுக்காரர் எழுந்து செருப்பையும் மாட்டிவிட்டார். என்ன நினைத்தாரோ, கழற்றிவிட்டு அடுப்படிக்கு வந்தார்.

"உன்னத்தான் கூப்புடுறாங்க. போய்ட்டு வா, கொழம்ப நான் பாத்துக்கிறேன்."

குழம்பு அடிபிடித்துவிட்டது. இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.