காம்பு வாடாத திராட்சை

மாசி, செவ்வாய். சித்திரபுரம்.

போன வாரம் கம்பத்திலிருந்து என் கடைக்குப் பன்னீர் திராட்சை வந்தது. பாதி, வழக்கம்போலச் செய்தித்தாள் விரித்த கூடையில். பாதி, புதிதாக அட்டைப் பெட்டியில். கூடைப் பழம் காம்பு கறுத்து உதிர்கிறது. பெட்டிப் பழத்துக்கு இன்னும் காம்பு பச்சை. அதன்மேல் ஒரு வெள்ளைத் தாள் மூடியிருந்தது. திறந்தபோது தீக்குச்சி உரசிய நெடி.

இன்று சரக்கு இறக்க வந்த டிரைவர் சேவியரிடம் அந்தத் தாளைக் காட்டினேன்.

“ஒண்ணுமில்லக்கா. பூசணம் பிடிக்காம இருக்க வைக்கிறது. பழத்துக்கு ஒண்ணும் ஆகாது.”

“பழத்துக்கு ஆகாது தம்பி. திங்கிறவங்களுக்கு?”

“பெரிய கடையிலெல்லாம் இப்ப இதான்க்கா” என்று சிரித்தான்.

சரி, வீட்டுக்குக் கொஞ்சம் எடுத்துக்கொண்டு போ என்றேன். பெட்டியைத் தாண்டிப் போய், கூடையில் கிடந்த கறுத்த காம்புப் பழத்தைப் பொறுக்கினான்.

“இதுதான்க்கா இனிக்கும்.”

இனிக்கும்தான். ஆனால் அவன் பெட்டிப் பக்கம் திரும்பக்கூட இல்லையே.

பச்சைக் காம்பு பார்த்து வாங்குங்கள் என்று தேயிலைத் தோட்ட லயத்துப் பெண்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவள் நான்தான். நேற்று என் மகளுக்கும் அப்படிப் பார்த்துத்தான் பெட்டியிலிருந்து ஒரு குலை எடுத்துக் கொடுத்தேன். கழுவினாளா என்று கேட்கவில்லை. தூங்குகிறாள். எழுப்பிக் கேட்கலாமா?