பொட்டலத்துக்கு இரண்டு டாக்டர்கள்

ஜூன் 3, திங்கள்

பொட்டலம் பின்னங்காலைத் தரையில் ஊன்றமாட்டேன் என்கிறாள். காலையில் மூன்றாவது படியில் நின்றுகொண்டு, யாராவது தூக்கிப் போவீர்களா என்பதுபோல என்னைப் பார்த்தாள். சுளுக்காக இருக்கும் என்று நானே வைத்தியம் பார்த்துவிட்டு, அதாவது தடவிக் கொடுத்துவிட்டு, வேலைக்குப் போனேன். நாள் முழுக்கச் சோபாவில் கிடக்கிற நாய்க்கு எங்கே போய்ச் சுளுக்கும்?

சாயங்காலமும் அப்படியே. மகள் பள்ளிப் பையைக்கூட இறக்காமல் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நாளைக்கு டாக்டரிடம் போகிறோம் என்றாள். கேள்வி இல்லை, உத்தரவு. இந்த நாயைத் துணிக்கடைத் தாளில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தபோது அவளுக்கு ஆறு வயது. இப்போது பதினான்கு.

ஜூன் 4, செவ்வாய்

வழக்கமான டாக்டர் கடையை மூடிவிட்டுப் போய்விட்டார். சைக்கிள் கடைக்கு மேலே ஒரு டாக்டரம்மா இருக்கிறார் என்று அங்கே போனோம். நல்ல உயரம். படி இறங்குவதற்குள் நெட்டை டாக்டர் என்று மகள் பெயர் வைத்துவிட்டாள். பேசினால் முத்து உதிர்ந்துவிடும் போல. இருபது நிமிடம் கால், இடுப்பு, முதுகு என்று அமுக்கி அமுக்கிப் பார்த்தார். என்னவென்று கேட்டேன்.

"இப்பத் தெரியல."

இதைச் சொல்லவா படித்தார்? தெரியவில்லை என்று நானே சொல்வேனே.

ஓர் ஊசி போட்டார். அது சில நாள் உடம்பில் வேலை செய்யுமாம். அதுவரை வேறு வலி மாத்திரை எதுவும் கொடுக்கக் கூடாதாம். சனிக்கிழமை வந்தால் படம் எடுத்துப் பார்க்கலாமாம். தலையாட்டிவிட்டு வந்தேன். பக்கத்துக் கடைக்குப் போகாதே என்று எந்தக் கடைக்காரர்தான் சொல்லமாட்டார்?

ஜூன் 5, புதன்

நொண்டல் குறையவில்லை. ஆலையில் சாப்பாட்டு நேரத்தில் சொல்லித் தொலைத்தேன், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். பொத்தான் தைக்கும் அக்கா, தன் பூனையை ஒரு டாக்டர் கொன்றே போட்டார் என்றாள். சூப்பர்வைசர், நாய்க்கெல்லாம் தானாகவே சரியாகிவிடும் என்றார். இஸ்திரி போடும் அண்ணன், பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒருவர் புதிதாக வந்திருக்கிறார், கைராசிக்காரர் என்றார். கேட்பவர்கள் எல்லாம் டாக்டர்கள்தான்.

தெரியாதவர் எந்த தைரியத்தில் ஊசி போட்டார்? இதையே நினைத்துக்கொண்டு நாலு கட்டுச் சட்டையைத் தப்பாக எண்ணிவிட்டேன்.

ஜூன் 6, வியாழன்

அரை நாள் விடுப்பு போட்டேன். மகள் பள்ளிக்குப் போன பிறகு பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு கைராசிக்காரரிடம் போனேன். மீன்தொட்டி, ஏசி, சிரித்த முகம். தரையிலேயே உட்கார்ந்து அவளைக் கொஞ்சினார். வேறு எங்காவது காட்டினீர்களா, ஊசி, மருந்து ஏதாவது உண்டா என்று கேட்டார்.

இல்லை என்றேன்.

பொய்தான். ஆனால் காரணத்தோடு சொன்ன பொய். ஆலையில் என் வேலையே இதுதானே. ஒருத்தி சோதித்த சட்டைக் கட்டிலிருந்து அவள் பிழை குறித்து வைத்த சீட்டை எடுத்துவிட்டு இன்னொருத்தி மேசையில் வைப்பேன். முதல் ஆள் சொன்னது தெரிந்தால் இரண்டாவது ஆள் கண்ணால் பார்க்கமாட்டாள், காதால் பார்ப்பாள். பதினோரு வருடமாக இப்படித்தான் பிழை பிடிக்கிறேன். டாக்டர்களுக்கு மட்டும் தனிச் சட்டமா?

மூட்டு வீக்கம், ஐந்து நாள் மாத்திரை, பிறகு ஓடும் பாருங்கள் என்றார். எவ்வளவு நிம்மதி.

ஜூன் 7, வெள்ளி

ஓடுகிறாள். நிஜமாகவே ஓடுகிறாள். நாளைக்கு நெட்டை டாக்டரிடம் போவதாக இல்லை.

வேறு மாத்திரை கூடாது என்றார்களே என்று மகள் முகத்தைச் சுளித்தாள். புது டாக்டர் எல்லாம் கேட்டுக்கொண்டுதான் கொடுத்தார் என்றேன். கேட்டார்தானே.

ஜூன் 8, சனி

சாப்பிடவில்லை. நேற்று ரொம்ப ஓடிவிட்டாள், அந்த அலுப்பு. அதுதானே? மாத்திரையை மட்டும் எப்படியோ விழுங்க வைத்தேன்.

ஜூன் 9, ஞாயிறு

எழுத முடியல. இருந்தாலும் இன்னைக்கே எழுதணும், இல்லாட்டி நாளைக்கு இதை வேற மாதிரி மாத்தி எனக்கே சொல்லிக்குவேன்.

காலையில் தார் மாதிரி கறுப்பாக வெளிக்குப் போயிருந்தாள். பிறகு வாந்தி, அதில் ரத்தம். உதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறு வெளுத்துக் கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை என்றும் பார்க்காமல் சிரிப்பு டாக்டர், அந்தக் கைராசிக்காரர்தான், வந்து கதவைத் திறந்தார். எலி மருந்து வைத்திருக்கிறோமா, தெருவில் யாராவது வைத்தார்களா என்று துருவித் துருவிக் கேட்டார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. என்கிட்ட வர்றதுக்கு முன்னாடி எதுவும் குடுக்கலையே?"

இல்லை என்றேன். மறுபடியும்.

ஏன்? வியாழக்கிழமைப் பொய்க்குக் காரணம்னு ஒண்ணு வச்சிருந்தேன். இதுக்கு என்ன? மானம். ஒரு உயிர் மேசை மேல கிடக்கு, எனக்கு மானம்.

எலி விஷத்துக்கு முறிவு ஊசி எடுக்க அவர் அலமாரிப் பக்கம் திரும்பினார். அப்போது கூட வந்திருந்த மகள் சொன்னாள்:

"செவ்வாக்கிழமை ஊசி போட்டாங்க. சைக்கிள் கடை மேல. வேற வலி மாத்திரை குடுக்கக் கூடாதுன்னும் சொன்னாங்க."

அவர் என்னைத் திட்டவில்லை. நெட்டை டாக்டருக்குப் போன் போட்டு என்ன ஊசி, எவ்வளவு என்று கேட்டுக்கொண்டார். அந்த ஊசியும் இந்த மாத்திரையும் சேர்ந்தால் வயிறு புண்ணாகி உள்ளேயே ரத்தம் போகும் என்று மகளிடம்தான் சொன்னார். அரை மணி நேரத்தில் அந்த அம்மா வீட்டுச் செருப்போடு வந்து நின்றார். இரண்டு பேரும் சேர்ந்து வேலை செய்தார்கள். நான் மீன்தொட்டிப் பக்கம் நின்றேன்.

ஜூன் 10, திங்கள்

சலைன் ஏறுகிறது. கண் திறக்கவில்லை. மகள் என்னோடு பேசவில்லை.

ஜூன் 11, செவ்வாய்

ஆலையில் ஒரு சட்டைக் கட்டிலிருந்து சீட்டை எடுக்கப் போய்க் கை நின்றுவிட்டது. சட்டைக்கு வலிக்காது. பிழையென்றால் பிரித்துத் தைத்துக்கொள்ளலாம். இது தெரிய ஒரு நாய் சாகக் கிடக்க வேண்டுமா? கழிப்பறையில் போய் அழுதேன்.

ஜூன் 13, வியாழன்

பிழைத்துவிட்டாள். எலும்பும் தோலுமாக வீட்டுக்கு வந்துவிட்டாள். மூட்டு வீக்கம் என்று தானும் அவசரப்பட்டுவிட்டதாகச் சிரிப்பு டாக்டர் ஒப்புக்கொண்டார். நொண்டுகிற காலை இனி நெட்டை டாக்டரிடமே காட்டச் சொன்னார்.

"ரெண்டு பேருகிட்ட காட்டினது தப்பே இல்லம்மா. என் கண்ணைக் கட்டிட்டு வைத்தியம் பாக்கச் சொன்னீங்க பாருங்க, அதான்."

ஜூன் 17, திங்கள்

மன்னிப்புக் கேட்க நாலு வரி மனப்பாடம் பண்ணிக்கொண்டு போனேன். முதல் வரியிலேயே நெட்டை டாக்டர் "சரி" என்று முடித்துவிட்டார். படம் எடுத்தார். முதுகெலும்புக்கு நடுவே ஒரு தட்டு, டிஸ்க் என்பார்களே அது, விலகியிருக்கிறது, காலில் எதுவும் இல்லை. ஆறு வாரம் அசையக் கூடாது, புது மாத்திரை தினம் இரண்டு வேளை.

என்ன சாப்பிட்டாள், எத்தனை தடவை வெளிக்குப் போனாள், என்ன நிறம் என்று வரிசையாகக் கேட்டார். நான் பதில் சொன்னேன். ஒவ்வொரு பதிலுக்கும் மகள் பக்கம் திரும்பினார். அவள் தலையாட்டிய பிறகுதான் எழுதினார்.

இந்த டாக்டரை நம்பலாமா என்று ஆலை முழுக்கக் கேட்டேன். என்னை நம்பலாமா என்று அவர் யாரைக் கேட்பார்? என் மகளைத்தான் கேட்டார்.

ஜூன் 24, திங்கள்

இன்றும் அதேதான். கேள்வி எனக்கு, பார்வை அவளுக்கு. கோபம் கோபமாக வந்தது. வேறு டாக்டரிடம் போய்விடலாமா என்றுகூட ஒரு நிமிடம் தோன்றியது. தோன்றியதையும் எழுதி வைக்கிறேன்.

ஜூலை 1, திங்கள்

நடக்க விடவில்லையே என்று டாக்டர் கேட்டார். இல்லை என்று மகள் அவசரமாகத் தலையாட்டினாள். அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். புதன்கிழமை அவள் பள்ளியில் இருந்தபோது, பொட்டலம் கதவைப் பார்த்துப் பார்த்து முனகியதால், தெருமுனைவரை நடத்திப் போனதைச் சொன்னேன். டாக்டர் பேனாவை வைத்துவிட்டு என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு எழுதினார்.

வரும் வழி முழுக்க மகளிடம் திட்டு வாங்கினேன். மூன்று வாரம் கழித்து என்னோடு இவ்வளவு பேசியிருக்கிறாள்.

ஜூலை 8, திங்கள்

பொட்டலத்துக்குக் கால் மறுபடியும் லேசாக இழுக்கிறது. காலையிலிருந்து இருப்புக்கொள்ளவில்லை. டாக்டர் முதுகைத் தடவிக்கொண்டே, மாத்திரை ஒழுங்காகப் போகிறதா என்று கேட்டார். பழக்க தோஷத்தில் மகள் வாயைத் திறந்தாள்.

"அம்மா சொல்லட்டும்" என்றார் டாக்டர்.

வியாழக்கிழமை ஒரு வேளை மறந்துவிட்டதைச் சொன்னேன். மறுநாள் இரண்டாகக் கொடுத்து ஈடுகட்டிவிடலாம் என்று கையில் எடுத்ததையும், பயந்துபோய்த் திரும்ப வைத்ததையும் சொன்னேன். மகளுக்கே தெரியாத விஷயம். டாக்டர் குனிந்து எழுதிக்கொண்டார். மகள் பக்கம் திரும்பவே இல்லை.